டிரக்கியாஸ்டமியோடு குழந்தை வீட்டுக்கு வருகிறது: சக்ஷன், சலைன், டியூப் அடைப்பு – அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தும்பைப்பூ

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 மாதம். குறைமாதத்தில் பிறந்ததால் வெகுநாள் வாய்வழி டியூபும் வென்டிலேட்டருமாக இருந்தாள். அதில் குரல்நாணுக்குக் கீழே மூச்சுப்பாதை தழும்பேறிச் சுருங்கிவிட்டது. சப்குளாட்டிக் ஸ்டெனோசிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்திருக்கிறார்கள். 3.5 அளவு டியூப், கஃப் (டியூபைச் சுற்றி உப்பும் பலூன்) கிடையாது. வென்டிலேட்டர் இல்லாமல் தானே மூச்சு விடுகிறாள். முதல் டியூபை அறுவை செய்த குழுவே மாற்றிவிட்டது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்.

வார்டில் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆனால் ஷிஃப்ட்டுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சக்ஷன் கத்தீட்டரை (சளியை உறிஞ்சும் மெல்லிய குழாய்) எதிலாவது இடிக்கும் வரை உள்ளே விட்டு, அப்புறம் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொல்கிறார் ஒருவர். அடுத்தவர் அப்படிச் செய்யவே கூடாது என்கிறார். ஒவ்வொரு தடவையும் சலைன் சொட்டு விட வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. எதைப் பிடித்துக்கொள்வது?

உண்மையான பயம் இன்னொன்று. பகலில் பெரும்பாலும் நான் மட்டும்தான் இருப்பேன். டியூப் அடைத்துக்கொண்டாலோ கழன்று வந்தாலோ தனி ஆளாக என்ன செய்வது?

நெய்தல்

குழந்தைகள் ஐசியூவில் செவிலியராக இருக்கிறேன். டிரக்கியாஸ்டமி குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன் சகோதரி: இடிக்கும் வரை விடாதீர்கள்.

கத்தீட்டர் போய் இடிப்பது மூச்சுக்குழாய் வலம் இடமாகப் பிரியும் விளிம்பில். அங்கே இருப்பது மெல்லிய சவ்வு. நாளுக்குப் பல தடவை அதே இடத்தில் குத்தி உறிஞ்சினால் புண்ணாகும், ரத்தம் கசியும், புண் ஆறும்போது சதை வளரும். அந்தச் சதையே நாளடைவில் டியூப் நுனியை மறைக்கும். சளியை எடுக்கப் போய் புது அடைப்பை நாமே உண்டாக்குவது எதற்கு? அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2000-இல் வெளியிட்ட குழந்தைகள் டிரக்கியாஸ்டமி பராமரிப்பு அறிக்கையே அளந்து உறிஞ்சும் முறையைத்தான் வழக்கமான சக்ஷனுக்குச் சொல்கிறது. பழைய பழக்கம் வார்டுகளில் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை, அதனால்தான் உங்களுக்கு இரண்டு பதில் கிடைக்கிறது.

அளப்பது சுலபம். அவசரப் பையில் மாற்று டியூப் ஒன்று இருக்கும் அல்லவா, அதே அளவும் அதே நீளமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் வழியாகக் கத்தீட்டரை விடுங்கள். கத்தீட்டர் நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் டியூபின் மறுமுனையைத் தாண்டி வெளியே தெரிந்ததும் நிறுத்துங்கள். டியூப் நுனியிலிருந்து சுமார் அரை சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். இப்போது டியூபின் வாயில் கத்தீட்டரின் எந்த சென்டிமீட்டர் கோடு நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் மகளுக்கான ஆழம். அந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தொட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள், யார் சக்ஷன் செய்தாலும் அதே எண். டியூபின் அளவோ நீளமோ கம்பெனியோ மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

கத்தீட்டர் அளவுக்குப் பொதுவான கணக்கு, டியூப் எண்ணை இரண்டால் பெருக்குவது. 3.5 டியூபுக்கு 7, கிடைக்காவிட்டால் தாராளமாக நுழையும் பட்சத்தில் 8 பிரெஞ்சு (கத்தீட்டர் தடிமனுக்கான அளவு). உறிஞ்சும் அழுத்தம் இந்த வயதில் 80 முதல் 100 மி.மீ. பாதரசம் போதும். உள்ளே விட்டு வெளியே எடுப்பது எல்லாம் சேர்த்து 5 விநாடிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் சளியோடு சேர்த்து அவளுடைய காற்றையும்தான் உறிஞ்சுகிறீர்கள். எடுக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கத்தீட்டரை உருட்டிக்கொண்டே எடுங்கள், பக்கத் துளைகள் சுற்றுச்சுவர் முழுக்கத் துடைத்துக்கொண்டு வரும்.

எப்போது செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கடிகாரம் பார்த்து அல்ல, குழந்தையைப் பார்த்து. கரகர சத்தம், டியூப் வாயில் குமிழ், மூக்கு விடைப்பது, விலா இடுக்கு உள்ளே இழுப்பது, காரணமில்லாத சிணுங்கல். ஆனால் சளியே தெரியாவிட்டாலும் காலையில் எழுந்ததும் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை கத்தீட்டரை விட்டுப் பாருங்கள். டியூப் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யத்தான் அது. சுவரில் காய்ந்த சளி மெல்ல மெல்லப் படிவது வெளியே கேட்காது.

வெண்புறா

என் மகனுக்கு நான்கு வயது. தாடை சிறுத்துப் பிறந்தவன், கைக்குழந்தையிலிருந்தே டிரக்கியாஸ்டமிதான். நெய்தல் சொல்வதெல்லாம் சரி. சலைன் விஷயத்தில் மட்டும் எங்கள் அனுபவம் வேறு. சளி பசை மாதிரி கெட்டியாக இருக்கும் நாட்களில் ஒன்றிரண்டு சொட்டு சலைன் விட்டால்தான் வெளியே வருகிறது. வேண்டவே வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சுவாசம்

சுவாச சிகிச்சையாளர் என்ற முறையில் நடுவே வருகிறேன். வெண்புறா சார், நீங்கள் பார்த்தது பொய் இல்லை. சலைன் விட்டதும் குழந்தைக்கு இருமல் வருகிறது, அந்த இருமல்தான் சளியை மேலே தள்ளுகிறது. சளி சலைனில் கரைவதில்லை. தண்ணீரும் கெட்டிச் சளியும் தனித்தனியாகவே நிற்கும். விட்ட சலைனில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது, மீதி கீழே இறங்குகிறது. சில குழந்தைகளுக்கு அதனால் ஆக்சிஜன் அளவு தற்காலிகமாக இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வழக்கமாக விடாதீர்கள் என்கிறோம். கெட்டியாகி வராத நாளில், உங்கள் மருத்துவக் குழு ஒப்புக்கொண்ட அளவில், ஒன்றிரண்டு சொட்டு என்பது வேறு.

சரி, சளி ஏன் கெட்டியாகிறது? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. நாம் மூக்கு வழியாக இழுக்கும் காற்று நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது உடல் வெப்பத்துக்கு, அதாவது 37 டிகிரிக்கு வந்து, முழு ஈரப்பதத்தோடு இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பங்கு மூக்குடையது. தூசியை வடிப்பதும் அதுதான். டிரக்கியாஸ்டமி வைத்ததும் மூக்கு முழுவதுமாக விலக்கப்படுகிறது. வறண்ட காற்று நேராக மூச்சுக்குழாயில் இறங்குகிறது. சவ்வில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளுபவை, வறண்டால் அவை சோர்ந்துவிடும். சளி அதே இடத்தில் நின்று காய்ந்து தோலாகி, ஒருநாள் பெயர்ந்து டியூபை அடைக்கும். பாதி அவசரங்களின் கதை இதுதான்.

ஆகவே ஈரப்பதத்துக்கு ஏற்பாடு செய்யாமல் சலைன் சர்ச்சையில் இறங்குவதில் பயன் இல்லை. பகலில் ஹெச்எம்இ, அதாவது டியூப் வாயில் மாட்டும் சிறு வடிகட்டி. வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைத்து, உள்ளிழுக்கும் காற்றுக்குத் திருப்பித் தரும். தூங்கும்போது பல குழந்தைகளுக்குச் சூடேற்றிய ஈரப்பதக் கருவி தேவைப்படும். ஹெச்எம்இயை நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும், சளி பட்டுவிட்டால் உடனே. நனைந்த ஹெச்எம்இ காற்றை விடாது, அது தானே ஒரு அடைப்பு. நெபுலைசர் கொடுக்கும்போது கழற்றிவிடுங்கள். 11 மாதக் குழந்தைக்கு எந்த அளவு ஹெச்எம்இ என்று கேட்டே வாங்குங்கள். பெரியவர்களுக்கான வடிகட்டியின் உள்ளே இருக்கும் வெற்றிடம் இவ்வளவு சிறிய மூச்சுக்கு அதிகம்.

சளி திடீரென்று கெட்டியானால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் குறைவாகக் குடிப்பது என்று உடலில் நீர் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெண்புறா

விளக்கத்துக்கு நன்றி. இருமல்தான் வேலை செய்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இரவில் சூடேற்றிய ஈரப்பதம் போட ஆரம்பித்த பிறகு காலைச் சளி இளகியது உண்மை.

குரல்வளை

நான் குழந்தைகள் ஈஎன்டி மருத்துவர். தும்பைப்பூ, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் இவ்வளவு அவசரம் என்று புரிய வேண்டும். ஒரு குழாயில் காற்று ஓடுவதற்கான தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். 4 மி.மீ. விட்டமுள்ள பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. தடிமனுக்குச் சளி படிந்தால் விட்டம் 2 மி.மீ. ஆகிறது, பரப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது, தடை 16 மடங்காகிறது. பெரியவர்களின் 8 மி.மீ. பாதையில் அதே 1 மி.மீ. படிந்தால் தடை 3 மடங்குதான். பெரியவர் தொண்டையைச் செருமிவிட்டுப் போகும் அளவு சளியில் கைக்குழந்தை திணறுவது இதனால்தான். போதாததற்குக் குழந்தைகளின் டியூபில் பெரும்பாலும் உள்குழாய் கிடையாது, விட்டம் அதற்கு இடம் கொடுக்காது. பெரியவர்களுக்கு அடைத்தால் உள்குழாயைக் கழற்றிக் கழுவலாம். இங்கே டியூபையே மாற்றியாக வேண்டும்.

குழந்தை திணறுகிறது, நீலம் பாய்கிறது, அல்லது துடிக்கிறது. அடைப்பா, நகர்ந்ததா, வேறு எதுவுமா என்று நின்று யோசிக்காதீர்கள். உதவிக்குக் கத்துங்கள். யாரும் இல்லையென்றால் அவசர எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்கு அடியில் சுருட்டிய துணியை வையுங்கள், கழுத்து நீண்டு துளை முன்னே வரும். டியூப் வாயில் ஹெச்எம்இயோ வேறு எதுவோ இருந்தால் முதலில் பிடுங்குங்கள். சில சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து கத்தீட்டரை விடுங்கள். அளந்த ஆழம் வரை தடையில்லாமல் போனால் உறிஞ்சிவிட்டுக் குழந்தையைப் பாருங்கள். போகாவிட்டால், அல்லது போயும் குழந்தை தேறாவிட்டால், டியூபை மாற்றுங்கள். அப்போதே. மறுபடி சலைன் விட்டுப் பார்ப்போம், இன்னொரு தடவை உறிஞ்சிப் பார்ப்போம் என்பதெல்லாம் வேண்டாம். நாடாவை வெட்டுங்கள், பழைய டியூபை வெளியே எடுங்கள், அதே அளவு புது டியூபை அதன் வளைவோடு உள்ளே செலுத்துங்கள், வழிகாட்டித் தண்டை (நுழைப்பதற்காக டியூபுக்குள் இருக்கும் தண்டு) உடனே உருவுங்கள். தண்டு உள்ளே இருக்கும் வரை காற்றுப் போகாது.

அது நுழையவில்லையா? அரை அளவு சிறியதை எடுங்கள், உங்கள் மகளுக்கு 3.0. அதுவும் நுழையவில்லையென்றால், 3.0 டியூபுக்குள் தண்டுக்குப் பதிலாகச் சக்ஷன் கத்தீட்டரை விட்டு, கத்தீட்டர் நுனியை முதலில் துளைக்குள் அனுப்பி, அதன் மேலாக டியூபை நகர்த்துங்கள். எந்தக் கட்டத்திலும் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். மூச்சுக்குழாய்க்கு முன்னால் திசுவுக்குள் பொய்ப்பாதை உருவாகிவிடும், டியூப் உள்ளே இருப்பது போலத் தோன்றும், காற்று போகாது. மாட்டியதும் டியூப் வாயில் காற்று வருகிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாடாவைக் கட்ட வேண்டும்.

எதுவும் நுழையாவிட்டால் அவளுக்காக நீங்கள் மூச்சு கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கென்று ஒரு தனித் திட்டம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். வாய், மூக்கு வழியான மேல்பாதை திறந்திருக்கும் குழந்தைக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு முகத்தில் மாஸ்க் வைத்து அம்பு பேகை (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) அழுத்தலாம். வெண்புறாவின் மகனுக்குத் தாடைப் பிரச்சினை என்பதால் முகத்தில் மாஸ்க் பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் மகளுக்குக் குரல்நாணுக்குக் கீழேயே சுருக்கம். எவ்வளவு சுருக்கம் என்பதை மயர்-காட்டன் அளவுகோலில் எழுதியிருப்பார்கள், 1994-லிருந்து அதுதான் நடைமுறை. முதல் நிலை என்றால் பாதிக்குள், இரண்டாவது 51 முதல் 70 சதவீதம், மூன்றாவது 71 முதல் 99, நான்காவது முழு அடைப்பு. மூன்றோ நான்கோ என்றால் வாய் வழியாக ஊதுவதை நம்ப முடியாது, சிறிய வட்ட மாஸ்கைக் கழுத்துத் துளையின் மேலேயே வைத்து, அவளுடைய வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். எந்த வழியில் நெஞ்சு உயர்கிறதோ அந்த வழியைத் தொடருங்கள். மூச்சு நின்றுவிட்டால் மார்பு அழுத்தமும் சேர வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். மூச்சுக்கும் அழுத்தத்துக்குமான கணக்கை உங்கள் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே படித்ததைக் கலக்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும் முன் உங்கள் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்: "டியூப் கழன்றுவிட்டால் இவளால் வாய் வழியாக மூச்சு விட முடியுமா?" பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் படுக்கைத் தலைமாட்டில் இதற்கென்றே ஓர் அட்டை வைக்கச் சொல்கிறது. ஆம்புலன்ஸில் வருபவருக்கும் புதிய மருத்துவருக்கும் அந்த ஒரு வரிதான் முதலில் தேவைப்படும்.

தும்பைப்பூ

டாக்டர், கை நடுங்கிக்கொண்டே படித்தேன், ஆனால் இப்போதுதான் ஒரு வரிசை கிடைத்தது. மூன்றாம் நிலை என்று சீட்டில் இருக்கிறது. நாளைக்கே கேட்கிறேன். ஒரு சந்தேகம்: கத்தீட்டர் சரியாகப் போகிறதா இல்லையா என்று குழப்பமாக இருந்தால்? தேவையில்லாமல் டியூபை மாற்றிவிட்டால் அவளுக்குக் கெடுதல் இல்லையா?

குரல்வளை

முதல் டியூப் மாற்றம் முடிந்து பாதை நன்றாக உருவான குழந்தைக்குத் தேவையில்லாமல் ஒரு தடவை டியூபை மாற்றினால் கொஞ்சம் இருமுவாள், அழுவாள். தேவையான நேரத்தில் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தை திணறும்போது சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

அறுவை முடிந்த முதல் சில நாட்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அப்போது பாதை உருவாகியிருக்காது, கழன்றால் துளை மூடிக்கொள்ளும். அதற்காகத்தான் மூச்சுக்குழாயின் இருபுறமும் தையல் நூல்களை விட்டு மார்பில் ஒட்டிவைத்திருப்பார்கள், இழுத்தால் துளை விரியும். அது மருத்துவமனைக் காலத்து விஷயம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

நெய்தல்

டாக்டர் எழுதிய வரிசையைப் படித்தால் போதாது, கை செய்து பழக வேண்டும். நான் பெற்றோருக்குப் பொம்மையில் துளை போட்டுக் கொடுப்பேன். எதிர்பாராத நேரத்தில் "டியூப் வெளியே வந்துவிட்டது" என்று சொல்வேன், அவர்கள் பையைத் திறந்து, டியூபை எடுத்து, தண்டோடு நுழைத்து, தண்டை உருவி, நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருமே பையில் டியூபைத் தேடுவார்கள். அதனால் பையில் பொருட்களுக்கு நிரந்தர இடம் வையுங்கள். மேலேயே அதே அளவு டியூப், அதன் பக்கத்தில் அரை அளவு சிறியது, இரண்டிலும் நாடா முன்கூட்டியே கோத்திருக்கட்டும். கத்தரிக்கோல், நீரில் கரையும் ஜெல்லி, கத்தீட்டர்கள், சலைன், அம்பு பேக், சின்ன மாஸ்க், தோளுக்கு வைக்கும் துணி. கையடக்க சக்ஷன் கருவியின் பேட்டரியை கழற்றிப் பார்ப்பதோடு விடாமல், வாரம் ஒருமுறை ஓடவிட்டே சோதியுங்கள். மின்சாரமும் பேட்டரியும் போய்விட்டால் பயன்படுத்தக் கையாலோ காலாலோ இயக்கும் பம்ப் ஒன்றும் இருக்கட்டும்.

இந்தப் பை குழந்தை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அடுத்த அறைக்குப் போனாலும் கூடவே போகும்.

வழக்கமான டியூப் மாற்றத்தை, பல இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை செய்வார்கள், எப்போதும் இரண்டு பேராகச் செய்யுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம், வாந்தி வரும். அப்படி நிதானமாகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அவசரத்துக்கான ஒத்திகைதான். அதனால் அப்பாவும் கற்கட்டும், பாட்டியோ சித்தியோ இன்னொருவரும் கற்கட்டும். வீட்டில் வென்டிலேட்டரோடு இருக்கும் குழந்தைகளுக்கு அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2016-இல் சொன்னது, குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், விழித்திருக்கும் ஒருவர் எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்பது. வென்டிலேட்டர் இல்லாவிட்டாலும் அந்த நியாயம் உங்களுக்கும் பொருந்தும். எந்நேரமும் நீங்கள் மட்டுமே என்ற ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இரண்டாவது ஆள் கற்று முடித்த பிறகு போங்கள்.

வெண்புறா

நாடா பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்களுக்கு டியூப் கழன்ற சம்பவங்கள் எல்லாமே தளர்ந்த நாடாவால்தான். குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கும்போது கட்டினால் இறுக்கமாகத் தெரியும், உட்கார்ந்து தலையைக் குனிந்தால் தளர்ந்துவிடும். அதனால் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்ட வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரே ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது. வெல்க்ரோ நாடா மென்மையானது, ஆனால் என் மகன் அதைப் பிரிக்கக் கற்றுக்கொண்டான், உடனே துணி நாடாவுக்கு மாறிவிட்டோம். நாடா மாற்றும்போது ஒருவர் டியூபை விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், புது நாடா கட்டி முடியும் வரை விடக்கூடாது.

சுவாசம்

நல்ல குறிப்பு சார். இரவுக் கண்காணிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. தூங்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் போடுங்கள். ஆனால் அதன் எண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அடைப்பு ஆரம்பித்ததும் குழந்தை அதிகமாக உழைத்து மூச்சு விட்டு எண்ணைத் தாங்கிப் பிடிக்கும், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகத்தான் இறங்கும். இறங்க ஆரம்பித்தபின் நேரம் குறைவு. நெஞ்சும் முகமும்தான் முதல் மானிட்டர். இந்தக் குழந்தைகள் அழுதால் சத்தம் வராது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடுத்த அறையிலிருந்து காதை வைத்துக் கவனிக்க முடியாது.

மகிழம்பூ

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் பேரனுக்கு இரண்டு வயது, நரம்புத்தசை நோய், டிரக்கியாஸ்டமி இருக்கிறது. பேசும் வால்வு என்று ஒன்று உண்டாமே? எங்கள் மருத்துவர் பொறுங்கள் என்கிறார். ஏன் பொறுக்க வேண்டும்? இன்னொன்று, டியூபில் எடுத்த சளியைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் கிருமி வருகிறது, ஆனால் மருந்து தர மாட்டேன் என்கிறார்.

குரல்வளை

இரண்டிலும் உங்கள் மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா.

பேசும் வால்வு ஒருவழிக் கதவு. மூச்சு டியூப் வழியாக உள்ளே போகும், வெளியே வரும்போது கதவு மூடி, காற்று டியூபைச் சுற்றி மேலேறிக் குரல்நாண் வழியாக வெளியேறும். அதனால்தான் குரல் வருகிறது. தசைநோயால் வென்டிலேட்டரோடு வாழ்ந்த டேவிட் மியூர் என்ற இளைஞர் தனக்காக யோசித்து உருவாக்கியதுதான் இன்று பரவலாகப் புழங்கும் பாஸி-மியூர் வால்வு. ஆனால் மேலே வழி இல்லாவிட்டால் உள்ளே போன காற்று வெளியே வராது, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு வீங்கிக்கொண்டே போகும். எனவே மேல்பாதை திறந்திருக்கிறதா, டியூபைச் சுற்றிக் கசிவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தொடங்குவார்கள். கஃப் உள்ள டியூப் என்றால் கஃபை முழுவதுமாக இறக்கிய பிறகே வால்வு. பஞ்சு போன்ற நுரை நிரப்பிய கஃப் இருந்தால் வால்வே கூடாது. தூங்கும்போதும் போடக்கூடாது. பொறுங்கள் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதை எதிர்பார்த்துப் பொறுக்கிறோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று தேதி கேளுங்கள். அதுவரை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் சைகையும் படங்களும் தொடங்கிவிடுங்கள். மொழிக்கான வயது காத்திருக்காது.

கல்ச்சர் விஷயம். டிரக்கியாஸ்டமி உள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலும் சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை குடியிருக்கும். குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. காய்ச்சல், சளியின் நிறமும் அளவும் மாறுவது, ஆக்சிஜன் தேவை கூடுவது என்று குழந்தையிடம் மாற்றம் இருந்தால்தான் மருந்து. தாளைப் பார்த்து மருந்து கொடுத்துக்கொண்டே போனால் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

ரத்தம் மட்டும் வேறு கணக்கு. சக்ஷன் சளியில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் ஆழத்தையும் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் சரிபாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். புது ரத்தம் சிவப்பாகக் கொப்பளித்தால், அது தானாக நின்றுவிட்டாலும், உடனே மருத்துவமனை. அபூர்வமாக டியூப் நுனி பெரிய ரத்தக்குழாயை அரித்திருக்கக்கூடும், பெரிய ரத்தப்போக்குக்கு முன் சின்னதாக ஒன்று எச்சரிக்கையாக வரும்.

தும்பைப்பூ

கேட்டுவிட்டேன் டாக்டர். "வாய் வழியாக நம்ப வேண்டாம், துளை வழியாகவே கொடுங்கள்" என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தார்கள். என் தங்கையும் பயிற்சிக்கு வருகிறாள். குளிப்பாட்டுவது, தோல் பராமரிப்பு, வெளியே கூட்டிப்போவது பற்றி யாராவது சுருக்கமாகச் சொல்ல முடியுமா? எம்ஆர்ஐ ஒன்றும் எடுக்க வேண்டியிருக்கிறது.

நெய்தல்

துளையைச் சுற்றி தினமும் வெதுவெதுப்பான நீரோ சலைனோ தொட்டுத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுங்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு வழக்கமாக வேண்டாம். பவுடரும் நூல் பிரியும் பஞ்சும் கிட்டவே வரக்கூடாது, உள்ளே இழுத்துக்கொள்வாள். துண்டு துண்டாக வெட்டிய காஸ் துணியும் அப்படித்தான், விளிம்பு பிரியாத ஆயத்தத் துணியை வாங்குங்கள். நாடாவுக்கு அடியில், பின்கழுத்து மடிப்பில் பாருங்கள், முதலில் புண்ணாவது அங்கேதான். குளியல் உட்காரவைத்து, இடுப்பளவு கூட வேண்டாம், குறைந்த நீரில். தலைக்கு ஊற்றும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள, பின்பக்கமாகச் சாய்த்து. ஊதுபத்திப் புகை, சிகரெட், ஸ்ப்ரே, மணல், முடி உதிரும் பொம்மை எல்லாம் தூரம்.

எம்ஆர்ஐ அறைக்குப் போகும் முன் டியூப் பெயரைச் சொல்லுங்கள். சில சிலிக்கான் டியூபின் சுவரில் உலோகக் கம்பிச் சுருள் இருக்கும், அதை மாற்றிவிட்டுத்தான் எடுக்க முடியும்.

தும்பைப்பூ

கடைசியாக ஒன்று. இந்த டியூப் எப்போதாவது எடுக்கப்படுமா? வார்டில் கேட்கவே பயமாக இருக்கிறது.

குரல்வளை

கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். சுருக்கம் இருக்கும் குழந்தைக்கு விலா எலும்புக் குருத்தெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, சுருங்கிய இடத்தைப் பிளந்து வைத்து அகலப்படுத்தும் அறுவை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மூன்றாம் நிலையில் பெரும்பாலும் அந்த வழிதான் யோசிப்பார்கள். எப்போது என்பது அவளுடைய எடை, நுரையீரல் நிலை, இரைப்பை அமிலம் மேலே வருகிறதா, மூச்சுப்பாதை வீக்கம் அடங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

எடுக்கும் முன் மயக்கம் கொடுத்து மேலிருந்து கீழ்வரை கருவி விட்டுப் பார்ப்பார்கள், டியூபுக்கு மேலே சதை வளர்ந்திருந்தால் நீக்குவார்கள். பிறகு சின்ன டியூபுக்கு இறக்கி, பகலில் மூடிவைத்து, அதைத் தாங்கினால் தூக்கத்திலும் பார்த்து, எடுத்தபின் ஓரிரு நாள் மருத்துவமனையிலேயே கண்காணிப்பார்கள். சில மையங்களில் வரிசை கொஞ்சம் மாறும். வீட்டில் யாரும் தானாக மூடிப் பார்க்கக் கூடாது, உங்கள் மகளுக்கு நிச்சயம் கூடாது.

எடுத்த பிறகு பல குழந்தைகளுக்குத் துளை தானாகச் சுருங்கி மூடும். நெடுநாள் டியூப் இருந்தவர்களுக்குச் சிறு துளை நின்றுவிடுவது சகஜம், சில மாதம் பார்த்துவிட்டுச் சின்ன அறுவையில் மூடுவார்கள். அது மூடும் வரை குளிக்கும்போது நெய்தல் சொன்ன அதே கவனம் தேவை, துளையின் மேல் நீர் புகாத ஒட்டுத்துணி போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் அப்போது உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.